சமாதானம் சொல்லுதல்

ஹடர்ஸ்ஃபீல்டில் அன்று மழை விட்டிருந்தது.
பூங்காவில் பதுங்குகுழிக்கு வெட்டிய மண்
ரோஜாப் பாத்தியின் மேல் ஈரமாய்க் கிடந்தது.
வினிஃப்ரெட் ஆக்ராய்ட் அட்டைப்பெட்டியைத் திறந்து
மகனின் விஷவாயு முகமூடியை மறுபடி முகர்ந்தாள்.
சைக்கிள் டியூபின் வாடை.

பிறகு வானொலி சொன்னது:
போர் இல்லை.

அவள் அழுதாள். பக்கத்து வீட்டுக்காரியும் அழுதாள்.
நெசவாலையில் தறிகளை நிறுத்திவிட்டுக்
கை தட்டினார்கள், இவளும் தட்டினாள்.
பதினாறாம் ஆண்டில் பிரான்ஸ் போன கணவன்
(உடல் வரவில்லை, ஒரு பொத்தான்கூட வரவில்லை)
படத்துக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.
படத்தில் அவனுக்கு வயது இருபத்து நான்கு.
மகனுக்கு இப்போது இருபத்திரண்டு.
அவளைக் கோழை என்று சொல்ல
எனக்கு நா எழவில்லை.

அடுத்த வாரம்
எண்ணூறு மைல் கிழக்கே ஒரு மலைச்சரிவில்
ஓட்டாகர் ஹ்ரூபெஷ்
தான் வார்த்த சுவரைத் தடவிப் பார்த்தான்.
இரண்டு கோடைகள்.
கம்பி கட்டி, ஜல்லி கலந்து,
நடுவில் நிறுத்தினால் வெடிப்பு விழும் என்று
இரவெல்லாம் விளக்கு வைத்து ஊற்றிய கான்கிரீட்.
பீரங்கித் துவாரத்தில் குளவி கூடு கட்டியிருந்தது.
ஒரு குண்டும் சுடாமல் இறங்கி வரச்சொல்லி உத்தரவு.
சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்டான்.
லெப்டினன்டுக்குத் தெரியவில்லை.

நான்கு பேர் உட்கார்ந்த பந்தி அது.
இவன் தேசத்துக்கு இலை போடவில்லை.
இலையில் இருந்ததே இவன் தேசம்தான்.

சாமம் தானம் பேதம் தண்டம் என்று
நம்முடைய பழைய கணக்கு ஒன்று உண்டு.
தானம் அதில் இரண்டாம் படி.
ஆனால் தானம் என்றால்
தன் கையிலிருந்து கொடுப்பது.
இதுவோ கடைத்தேங்காய், வழிப்பிள்ளையார்.
அதிலும் நம் பிள்ளையார் ஒரு தேங்காயோடு உட்கார்ந்திருப்பவர்,
மறுநாள் எழுந்து வந்து
கடையைக் கேட்பவர் அல்லர்.

சில பசிகள் சோற்றில் அடங்கும்.
சில பசிகள் ஊட்ட ஊட்ட வாய் அகலும்.
எது எந்தப் பசி என்று
முதல் கவளத்தில் எப்படித் தெரியும்?
தெரிந்திருக்க வேண்டும் என்று
பின்னால் வந்த நாம் எளிதாகச் சொல்கிறோம்,
நம் பிள்ளைகள் உள்ளறையில் தூங்க.

மார்ச்சில், பனி பெய்த ஒரு காலையில்,
மிச்சமும் போயிற்று.

மே மாதம் வினிஃப்ரெட்டின் மாடியறைக்கு
வாடகைக்கு வந்தாள் லுட்மிலா ஹ்ரூபெஷோவா,
ஒரு பெட்டி, பூட்டே இல்லாத ஒரு சாவி.
ஒரே அடுப்பில் இருவரும் சமைத்தார்கள்.
உருளைக்கிழங்குத் தோலை
காகிதம்போல் மெல்லிதாகச் சீவுவாள் வந்தவள்.

ஒருநாள் வினிஃப்ரெட் பேச ஆரம்பித்தாள்:
எங்களுக்கு ஒரு வருஷம் கிடைத்தது,
விமானம் கட்ட நேரம் கிடைத்தது,
என் பையன்...
அதற்கு மேல் சொல்லவில்லை.

சமாதானம்.
போர் இல்லாமைக்கும் அதே சொல்,
செய்ததற்குக் காட்டும் சாக்குக்கும் அதே சொல்,
அழும் குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதற்கும்கூட.
என் மொழி இந்த இடத்தில்
என்னைக் காப்பாற்றுகிறதா, காட்டிக்கொடுக்கிறதா,
எனக்குப் பிடிபடவில்லை.

லுட்மிலா கத்தியைக் கழுவி வைத்தாள்.
உடைந்த ஆங்கிலத்தில், மெதுவாகச் சொன்னாள்:
அந்தச் சுவரைச் சுட்டுத்தான்
அவர்கள் இப்போது பீரங்கி பழகுகிறார்களாம்.
ஓட்டாகர் மறைமுகமாக எழுதியிருந்தார்.
சுவர் இன்னும் நிற்கிறதாம்.

சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது
பெருமைதான். வேறு எதுவுமில்லை.
அதைத்தான் வினிஃப்ரெட்டால் பார்க்க முடியவில்லை.

செப்டம்பரில் பையன் கிளம்பினான்.
முகமூடிப் பெட்டியின் கயிறு அறுந்திருந்தது.
தாயின் விரல்கள் முடிச்சிடத் தெரியாமல் தடுமாற
லுட்மிலா வாங்கி,
கம்பி கட்டுபவனின் மனைவி அல்லவா,
இரண்டு சுற்று சுற்றி
இறுக்கமாய்க் கட்டிக் கொடுத்தாள்.